சாமிக்கா, ஆசாமிக்கா?

"சார், சனிக்கிழமை ராத்திரி ஃப்ரீயா? சுருட்டுக் குடிக்க வாங்க சார்" என்று போனில் கூப்பிட்டவன் என் பழைய மாணவன். முப்பத்திரண்டு வருஷம் தமிழ்ப்பள்ளியில் குப்பை கொட்டியவன் நான். ஆறாம் வகுப்பில் கக்கூஸுக்குப் பின்னால் ரோக்கோ பிடித்த குற்றத்துக்காக இதே பயலைக் கொடிக்கம்பத்தடியில் முட்டி போட வைத்திருக்கிறேன். பழி வாங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் வேறு. ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டலில் விருந்துப் பிரிவுக்கு அவன் இப்போது பெரிய ஆள். நிகராகுவாவிலிருந்து சுருட்டுக் கலைஞர் ஒருவர் வந்திருக்கிறாராம். கண்ணெதிரே சுருட்டிக் காட்டுவாராம். விருந்தாளிகள் மூன்று சுருட்டை ருசி பார்த்து மார்க் போட வேண்டுமாம். தலைக்கு 380 வெள்ளி. யாரோ ஒரு டத்தோ கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"நாற்காலி சும்மா கெடக்கு சார். மார்க் போடறதுதானே, உங்களுக்குத் தெரியாததா?"

380 வெள்ளி! என் தாத்தா ஆயுசு முழுக்கப் பிடித்த சுருட்டுக்கு அவ்வளவு செலவழித்திருக்க மாட்டார். வீட்டில் சொன்னேன். "அறுபத்தோரு வயசுல கெட்ட பழக்கம் ஆரம்பிக்கிற மொத ஆம்பள நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் பாத்திக் சட்டையை எடுத்து வைத்தாள். ஓசி என்றால் அவளுக்கும் ஒரு மரியாதை உண்டு.

தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சிப் பக்கம். 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, புலாவ் ஜெரஜாக் தீவில் நோய் நொடி இருக்கிறதா என்று அடைத்து வைக்கப்பட்டு, பிறகு பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பினாங்கு என்றாலே பாக்கு. பாக்குத் தீவுக்கு வந்து சேர்ந்த தாத்தா, இடுப்பில் வெற்றிலைப் பையும் காதில் பாதி குடித்து அணைத்த சுருட்டுமாக அறுபது வயது வரை உலாவினார். அந்தக் காதுச் சுருட்டு எனக்குப் பெரிய மானப் பிரச்சினை. பள்ளிக்கூட வாசலில் அவர் நின்றால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். கடைக்கு அனுப்பினால், சுருட்டை வாங்கிச் சட்டைக்குள் ஒளித்து, யாராவது பார்த்தால் கடலை மிட்டாய் என்று சொல்லிக்கொண்டு வருவேன்.

அந்த வெட்கத்தைப் பாத்திக் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் ஹோட்டலுக்குப் போனேன்.

மாடியில் திறந்தவெளி வராந்தா, கடல் காற்று, தோல் நாற்காலிகள். சுற்றிலும் டாக்டர்கள், வக்கீல்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள். ஆளுக்கொரு தட்டில் மூன்று சுருட்டு, ஒரு கத்தரி, ஒரு தீப்பந்தம், ஒரு மதிப்பெண் அட்டை. தீப்பந்தம் என்பது மிகையில்லை. கியாஸ் லைட்டர்தான், ஆனால் ஊதுகிற நீலச் சுடரைப் பார்த்தால் இரும்புக்கடை வெல்டிங் ஞாபகம்தான் வரும்.

விற்பனைக் கம்பெனியின் இளைஞர் ஒருவர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டையுடன், வகுப்பு எடுத்தார். உயர்ந்த ரகச் சுருட்டின் தலை மூடியிருக்கும், அதைக் கத்தரியால் சீவ வேண்டும். அதிகம் சீவினால் மேலிலை கழன்றுவிடும். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "இரண்டு முனையும் வெட்டியபடியே வரும் மட்ட ரகம் ஒன்று உண்டு, செரூட் என்பார்கள். ஏதோ ஒரு தெற்காசிய மொழிச் சொல்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தாண்டிப் போனார்.

ஏதோ ஒரு மொழி!

மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 380 வெள்ளி ஓசி. ஆனால் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக மேலே போய்விட்டது. எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாடம் நடத்தினேன். சுருட்டுவதால் சுருட்டு. தமிழ்க் கடற்கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் வாயில் அது சருத்து ஆகி, ஆங்கிலேயர் வாயில் செரூட் ஆனது. இந்த ஊர் மலாய்க்காரர் செருத்து என்கிறார். ஆங்கில அகராதியைப் பிரித்தால் தமிழ் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மட்ட ரகம் என்றீர்களே, ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் துப்பறிய வந்த முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைக் கிள்ளிப் பார்த்து, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். லண்டனின் முதல் கேசில் எங்கள் ஊர் சாட்சி சொல்லியிருக்கிறது, தம்பி.

"திருச்சி கியூபாவில் எந்தப் பக்கம்?" என்றார் முன்வரிசை வக்கீல்.

உறையூர்க்காரர்கள் இங்கே இருந்திருந்தால் ரத்தம் வந்திருக்கும். சர்ச்சிலுக்கே நாங்கள்தான் சுருட்டு அனுப்பினோம் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் அவர்கள். திண்டுக்கல்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சென்னை ஸ்பென்சர் கம்பெனியே தங்கள் ஊரில் வந்து சுருட்டுத் தொழிற்சாலை வைத்ததைச் சொல்வார்கள். நான் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தேன். மாணவன் தூரத்தில் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். முட்டி போட வைத்தபோது இருந்த அதே முகம்.

காப்பாற்றியது நிகராகுவாக்காரர்தான். நடப்பது புரியாவிட்டாலும், 'சருத்து' என்ற சொல் மட்டும் காதில் விழுந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டை விரல்கள், நகங்கள் நம் ஊர் வெற்றிலைக்காரி பல் நிறத்தில். முன்னால் ஒரு பலகை, அரை நிலா வடிவில் பிடியில்லாத கத்தி, குப்பியில் பசை. அவ்வளவுதான் தொழிற்சாலை.

நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு டை கட்டியவர் பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

மூன்று விதமான இலை. உள்ளே வைப்பது, அதைக் கட்டுவது, மேலே போர்த்துவது. உள்ளிலையிலும் ஜாதி உண்டு. செடியின் அடியில் இருக்கும் இலை நன்றாக எரியும், காரம் இருக்காது. நடு இலைக்கு வாசனை. உச்சி இலை வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு தடித்துக் காரமேறி இருக்கும், ஆனால் லேசில் தீப்பிடிக்காது. அந்த உச்சி இலையை நட்டநடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் வைக்க வேண்டும். இலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், விசிறி மாதிரி ஒவ்வொன்றாக மடித்து மடித்து உள்ளங்கையில் சேர்த்தார். இடுக்கு இருந்தால்தான் புகை நடக்கும், இறுக்கினால் மூச்சு முட்டும். கடைசியில் பட்டுத் துணி மாதிரி ஒரு இலையை எடுத்து, நரம்பு வெளியே தெரியாதபடி, சாய்வாகச் சுற்றிக்கொண்டே போனார். இடது கை இழுக்க வலது கை உருட்ட, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றுகிற வேகம். தலையில் காசளவு ஒரு வட்டத்தை வெட்டிப் பசை தொட்டு ஒட்டினார். முடிந்தது. ஒரு நாளைக்கு நூறு சுற்றுவாராம்.

மாணவன் அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்த ஒரு சமையல்காரனைக் கூட்டிவந்து உட்கார வைத்தான். தொழில் யாரிடம் கற்றார்? அம்மாவிடம். ஊர்? எஸ்தெலி. கியூபாவில் 1959இல் புரட்சி வந்த பிறகு, அங்கிருந்து விதையும் வித்தையுமாகக் கிளம்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த ஊர். சுருட்டுகிறவருக்கு அவர்கள் மொழியில் பெயர் தோர்செதோர். அர்த்தம் கேட்டேன். அவர் இரண்டு கையாலும் துணி பிழிகிற மாதிரி காட்டினார். முறுக்குகிறவர்! மண்டையில் மணி அடித்தது. எங்கள் ஊரில் சுருட்டியதால் சுருட்டு, அவர் ஊரில் முறுக்கியதால் முறுக்குக்காரர். இரண்டு பேருமே பெயர் வைக்கும்போது அதிகம் மெனக்கெடவில்லை.

புகையிலையைப் புழுங்க வைத்துப் பக்குவப்படுத்துவதைத் தமிழில் பாடம் பண்ணுவது என்போம். இலையைக் குவியலாகப் போட்டு, உள்ளே சூடேற விட்டு, பிரித்து, மாற்றி அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நானும் முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். எதிர்த் தூணில் சாய்ந்திருந்த இலையைப் பார்த்துக்கொண்டேன். பரவாயில்லை, ஓரளவு பதமாகத்தான் வந்திருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கியூபாவில் 1865 முதல் சுருட்டுப் பட்டறைகளில் மேடை போட்டு ஒருவர் பேப்பரும் நாவலும் வாசிப்பார், தொழிலாளிகள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். வாசகருக்குச் சம்பளம் தொழிலாளிகளே கொடுத்தார்கள். 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' கதையில் அவர்கள் சொக்கிப்போனதால்தான் மாண்டெகிறிஸ்டோ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பேப்பர் வாசிக்க ஆள் உண்டு, கண்ணூர் பீடிக்காரர்களிடமும் உண்டு. இதெல்லாம் தெரிந்திருந்தால் நான் கல்வி இலாகா பக்கமே போயிருக்க மாட்டேன். கை வேலையில் இருக்கும், வாய் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். அப்படி ஒரு வகுப்பு எனக்கு ஒருநாள்கூட வாய்த்ததில்லை. எஸ்தெலியில் இப்போது என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ரேடியோ" என்றார்.

சரி, ருசி. முதல் சுருட்டைப் பற்ற வைத்தேன். புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டும் என்று டை கட்டியவர் சொன்னாராம். நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டேனே! தாராளமாக உள்ளே இழுத்தேன். வராந்தா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடல் மேலே வந்தது. ரஜூலா கப்பலில் தாத்தா எப்படி வந்திருப்பார் என்று அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

அந்த நிலையில்தான் அட்டையை நிரப்பினேன். சுற்றிலும் எல்லோரும் 'தோல், தேவதாரு, கோகோ, வறுத்த பாதாம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதாமெல்லாம் எனக்குக் கல்யாண வீட்டுப் பாலில்தான் பழக்கம். வாயில் என்ன தெரிந்ததோ அதை எழுதினேன்: மழையில் நனைந்த சாக்கு. டிரங்குப் பெட்டி. அணைந்த சாம்பிராணி. கடைசியாகத் தாத்தாவின் மேல்துண்டு.

டை கட்டியவர் அட்டைகளை வாங்கி உரக்கப் படித்தார். என்னுடையது வந்ததும் தயங்கினார், பிறகு வேடிக்கைக்காகப் படித்துவிட்டார். ஒரே சிரிப்பு. சமையல்காரன் நிகராகுவாக்காரர் காதில் மொழிபெயர்த்தான். அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். பரீட்சைத் தாளில் சரி போடுகிற மாதிரி ஒரு ஆட்டு, அவ்வளவுதான்.

சுருட்டு மயக்கத்துக்குச் சர்க்கரை மருந்து என்று மாணவன் சொன்னதால், பத்து மணிக்கு மாமாக் கடையில் போய் விழுந்தேன். கையில் பாதிச் சுருட்டு இன்னும் இருந்தது. "சார், மூணு மீட்டர்" என்றார் கடைக்காரப் பாய், ரோட்டைக் காட்டி. 2019 ஜனவரி முதல் இந்த நாட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் புகைக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 95 வெள்ளிச் சுருட்டுடன், பாத்திக் சட்டையுடன், சாக்கடை ஓரமாக நின்று நான் குடிக்க, பையன் தே தாரிக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். "வேலைக்கு ஆகாத சுருட்டு போல. மொகம் வெளுத்துருச்சே" என்றார் பாய் ஆதரவாக.

அந்தச் சாக்கடை ஓரத்தில்தான், சுருட்டை ருசிக்கத் தெரிந்த ஒருவரை நான் ஏற்கெனவே சந்தித்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. முனியாண்டி சாமி.

செபராங் பிறையில் மாமா இருந்த தோட்டத்தில், எல்லையில் ஒரு மரத்தடிக் கோயில். வருஷத் திருவிழாவுக்குக் கிடா, பீர், சுருட்டு. பூசாரி மற்ற நாளில் பீடிகூடத் தொடாத மனுஷர், மலாயாத் தோட்டத்திலேயே சாதுவானவர். சாமி இறங்கிவிட்டால் மூன்று சுருட்டை ஒரே நேரத்தில் வாயில் வைத்து இழுப்பார், தள்ளாட்டம் கிடையாது. எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த வருஷம் திருவிழாக் கமிட்டி செலவைக் குறைக்க வேறு கட்டு வாங்கியிருந்தது. சாமி ஒரு இழுப்பு இழுத்தார். எடுத்துப் பார்த்தார். "டேய்... போன வருசம் இதாடா குடுத்தீங்க?" என்றார். கமிட்டித் தலைவர் தரையில் விழுந்தார். மீதிப் பணத்தைச் சுருட்டியது யார் என்று அன்று ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது. தோல், தேவதாரு, பாதாம் ஒன்றும் இல்லை, ஒரே இழுப்பில் கணக்குத் தணிக்கையே முடிந்தது.

மாணவன் இரண்டு சுருட்டைக் கையில் திணித்து அனுப்பியிருந்தான். நூற்றுக்கு அறுபத்தைந்து முதல் எழுபது வரை ஈரப்பதத்தில் வைக்க வேண்டுமாம், அதற்குத் தேவதாருப் பெட்டி இருக்கிறதாம். பினாங்கில் காற்றே எண்பதைத் தாண்டும், காயப்போட்ட துணியே பூசணம் பிடிக்கிற ஊர். சூடு கூடினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும், அதற்கு ஃப்ரீசரில் வைத்து எடுப்பார்கள் என்றும் சொன்னான். வைத்தேன். காலையில் கெம்போங் மீனுக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்த வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிகராகுவாக்காரருக்கு ஓய்வு. அவரே, அந்தத் துண்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்று மாணவனிடம் கேட்டாராம். லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போனேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டை எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். பாட்டுக் கடைச் சத்தத்தில் ஸ்பானிஷும் தமிழும் ஒன்றுதான், எதுவும் கேட்காது. ஒரு பூசைச் சாமான் கடைக்குள் நுழைந்தோம். கற்பூரத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவில், சணலால் கட்டிய கருப்புச் சுருட்டுக் கட்டுகள்.

"அக்கா, சுருட்டு ஒன்னு குடுங்க."

அக்கா என்னையும் அவரையும் பார்த்தாள். "சாமிக்கா, ஆசாமிக்கா?"

"ரெண்டுக்கும் வேற வேறயா?"

"ஒன்னுதான். ஆசாமிக்குன்னா பதினெட்டு வயசு ஆயிருக்கணும். சாமிக்கு வயசு கேக்கறதில்ல."

அவரிடம் ஆங்கிலமும் சைகையுமாகச் சொன்னேன்: கடவுளுக்கா, மனிதனுக்கா என்று கேட்கிறாள். இப்போது வியந்துபோவார், எங்கள் சாமியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் வியக்கவே இல்லை. போனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினார். மரத்தால் செய்த ஒரு சாமி, தலையில் தொப்பி, கழுத்தில் ஏகப்பட்ட துண்டுகள், வாயில் சுருட்டு. காலடியில் சாராய பாட்டில். மஷிமோன் என்று பெயர். குவாத்தமாலாவில் அத்தித்லான் ஏரிக்கரை ஊரில் இருப்பவர், வருஷத்துக்கு ஒரு பக்தர் வீடாக மாறி மாறிக் குடியிருப்பவர்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். "முனியாண்டிக்கு அண்ணன் முறை வேணும் போல இருக்கே" என்றாள். "துண்டு மட்டும் சாஸ்தி."

நிகராகுவாக்காரர் சுருட்டை வாங்கி, கட்டைவிரலால் நீள வாட்டில் அமுக்கிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடி அமுக்கினார். மருத்துவர் வயிற்றில் கட்டியைக் கண்டுபிடித்த முகம். கேட்காமலே கல்லாப் பலகையில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏய், ஏய்" என்றாள் அக்கா. இலை நல்ல இலைதான், திண்டுக்கல்லோ எதுவோ. யாரோ அவசரத்தில் உள்ளே தண்டைச் சேர்த்துச் சுருட்டியிருந்தார். தண்டை உருவிக் காட்டினார். என் தாத்தா இருமிக்கொண்டே இழுத்ததெல்லாம் ஒருவேளை இப்படி ஒரு தண்டுக்காகத்தானோ என்னவோ.

கத்தி வேண்டும் என்று விரலால் கேட்டார். அக்கா வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை நீட்டினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தை நறுக்கினார். உள்ளிலையை விசிறியாக மடித்தார். மேலிலையைச் சாய்வாகச் சுற்றினார். கடைசியில் பசை இல்லாமல் நின்றார். அக்கா இதற்குள் கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டாள். டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு சோற்றுப் பருக்கையை விரல் நுனியில் எடுத்து நீட்டினாள். அவர் அதை நசுக்கித் தேய்த்து முனையை ஒட்டினார். உதட்டில் வைத்துப் பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, என்னிடம் கொடுத்தார்.

நான் பாத்திக் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"அது சாமிக்கு" என்று வாங்கி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வெள்ளி அம்பது காசு குடுங்க. பருக்கைக்கு வேணாம்."